கானகமே கல்விக்கூடம்: பறவையியல் அறிஞர் சாலிம் அலி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் சாலை படப்பையைக் கடந்து ஒரகடத்தை அடைகின்றது. அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர்; அதனைக் கடந்து சென்னைக்கு வரும் வழியில் இருங்காட்டுக்கோட்டை. மகிழுந்துத் தொழிற்சாலைகளால் உலகறிந்த இந்நிலப்பரப்பின் ஊர்ப்பெயர்களைத் தமிழ் பயில்வோர் சற்றே நின்று நோக்குதல் தகும். படப்பை என்பது தோட்டத்தையும் கொல்லையையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். இருங்காடு என்பது பெருங்காடு. காடு பெயரளவில் எஞ்சி நிற்க, அதனைக் காண விழைவோர் விடுமுறை நாள்களில் வண்டியமர்த்திக்கொண்டு முதுமலைக்கும் ஆனைமலைக்கும் தேக்கடிக்கும் செல்கின்றனர். சென்று திரும்பியவர்களுள் பலர் கூறும் குறை ஒன்றே: காட்டில் ஒன்றையும் காணவில்லை என்பதாகும். புலி எதிர்ப்படவில்லை என்பதே அக்குறையின் பொருள். காட்டைக் காண்பது என்றால் என்ன என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் நடந்து நடந்து அறிந்த ஒருவரின் வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. அவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி.

சாலிம் மொய்ஸுத்தீன் அப்துல் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றில் கடைசிக் குழந்தையாகப் பிறந்தார். ஓராண்டு நிறையும்போது தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் பிள்ளைகளனைவரையும் வளர்த்தெடுத்தனர். மாமன் வேட்டையில் நாட்டமுடையவர். மருமகனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கித் தந்தார். சிட்டுக்குருவிகளைச் சுட்டு வீழ்த்துவது சிறுவனின் பொழுதுபோக்காயிற்று.

பத்து வயதளவில், அவர் வீழ்த்திய குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் கறை போன்ற ஒரு புள்ளி தென்பட்டது. வழக்கமான சிட்டுக்குருவியாயின் உண்ணலாம். இது எவ்வகைப் பறவையோ, உண்ணத்தக்கது தானோ என்னும் ஐயம் அப்பிள்ளை மனத்தில் எழுந்தது. ஆகுமானதா ஆகாததா என்று கேட்டறியவே அவர் அதனை மாமனிடம் எடுத்துச் சென்றார். மாமனுக்கும் விளங்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் உறுப்பினரான அவர், அச்சங்கத்தின் மதிப்புறு செயலர் மில்லார்டு என்பாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துச் சிறுவனை அனுப்பினார். மில்லார்டு அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என இனங்கண்டு கூறியதுடன் நில்லாது, பேழைகளில் பாடம்செய்து வைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான பறவைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். உணவு பற்றிய ஒரு மார்க்க ஐயம், வினவும் பழக்கமுடைய பிள்ளை, விடை தெரியாதபோது தெரிந்தவரிடம் அனுப்பிவைத்த பெரியவர் ஆகிய இம்மூன்றும் கூடியதால் இந்நாட்டுக்கு ஒரு பறவையியலார் கிடைத்தார் என்பது என் கருத்து.

கல்லூரிப் படிப்பு அவருக்கு எளிதாக அமையவில்லை. இடையில் விட்டுவிட்டு 1914-இல் பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மர வணிகத்தையும் கவனித்தார். வணிகம் தழைக்கவில்லை, ஆயின் சுரங்கத்தைச் சூழ்ந்திருந்த மழைக்காடு அவரை ஆட்கொண்டது. அடர்ந்த வெப்பமண்டலக் காட்டில் தனித்து நடக்கவும், ஓசையைக் கொண்டு பறவையை அறியவும் அவர் பழகியது அங்கேதான். 1917-இல் பம்பாய் திரும்பி வணிகக் கல்வி பயின்ற காலத்தில், தூய சேவியர் கல்லூரியின் பாதிரியார் பிளாட்டர் அவருடைய நாட்டத்தை உணர்ந்து விலங்கியல் வகுப்புகளில் சேருமாறு தூண்டினார். 1918-இல் தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலார் பணியிடம் ஒன்று வந்தபோது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அது அவருக்குக் கிட்டவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்தார். பின்னர் விடுப்பெடுத்துக்கொண்டு ஜெர்மனி சென்று, பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரேசமான் என்னும் பேரறிஞரிடம் முறையாகப் பயின்றார். 1930-இல் திரும்பி வந்தபோது, பணமின்மையால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. பயிற்சி மிக்கவர், பணி அற்றவர்.

வாடகை மிச்சம் என்று மனைவியாரின் குடும்பத்துக்குரிய வீடொன்றிருந்த கீஹிம் என்னும் கடலோரச் சிற்றூருக்கு இருவரும் குடிபெயர்ந்தனர். அவ்வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. அவர் மறைவிடம் ஒன்று அமைத்துக்கொண்டு நாள்தோறும் அவற்றை நோக்கிக் குறிப்பெழுதினார். ஆண்குருவி கூட்டைப் பாதியளவு பின்னி நிறுத்துகின்றது. பெண்குருவிகள் வந்து அதனை ஆராய்கின்றன. ஒன்று மனமொப்பி ஏற்றுக்கொண்டபின் ஆண் எஞ்சிய பகுதியைப் பின்னி முடிக்கின்றது. அதன்பின் வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை வரவேற்கின்றது. அதுவரை எவரும் தெளிவாக அறியாதிருந்த இவ்வொழுங்கை அவர் கட்டுரையாக வெளியிட்டார். சங்கப் புலவர் தூக்கணங்குரீஇயின் கூட்டைப் பாடியிருத்தலை நம் மாணாக்கர் அறிவர். அதே குருவியைத் தமிழகத்துப் பனைகளில் இன்றும் காணலாம். வேலையிழந்த ஒருவர் வீட்டு வாயிலில் அமர்ந்தே உலகறியும் ஆய்வினைச் செய்ய முடிந்தது என்றால், புலியைத் தேடி முந்நூறு கல் பயணம் செய்வோர் எதனைத் தவறவிடுகின்றனர் என்று கேட்கத் தோன்றுகின்றது.

பின்னர் அவர் ஒரு வழி கண்டார். சமஸ்தானங்கள் பலவற்றில் பறவைகளின் கணக்கெடுப்பே நிகழாதிருந்தது. முகாமுக்கும் போக்குவரத்துக்குமான செலவை அரசு ஏற்றால், தாம் ஊதியமின்றியே அப்பணியைச் செய்வதாக அவர் முன்வந்தார். ஐதராபாத் நிஜாம் அரசு முதலில் இசைந்தது. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிச் சமஸ்தானங்களின் கணக்கெடுப்பு தொடங்கியது. அன்றைய திருவிதாங்கூரில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அடங்கியிருந்தமையால், தமிழ் நிலத்துக்கும் அப்பயணத்தில் பங்குண்டு.

சாலைகள் குறைந்த காலம் அது. மூணாற்றுப் பக்கத்து மறையூர், பெரியாற்றங்கரைத் தட்டேக்காடு, பரம்பிக்குளம் காடுகளிலுள்ள குரியார்குட்டி எனப் பல இடங்களில் முகாமிட்டுத் தங்கினார். தெஹ்மினாவும் உடன் சென்றார். இங்கிலாந்தில் கல்வி பயின்ற அம்மையார் கூடார வாழ்வை விரும்பி ஏற்று, முகாமின் ஏற்பாடுகளைத் தம் பொறுப்பில் கொண்டார். விடியலுக்குமுன் எழுவது, ஒளி பரவும்முன் காட்டுக்குள் புகுவது, மெல்ல நடப்பது, நெடுநேரம் நிற்பது, கண்டதை அங்கேயே எழுதுவது என்பதே சாலிம் அலியின் நடைமுறை. மழைக்காட்டில் கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்குக் கேட்பதே மிகுதி. மர உச்சிகள் கூடி ஒளியை மறைத்துவிடுவதால், கலப்பாகத் திரியும் சிறு பறவைக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே கடந்து செல்லும் சில நிமிடங்களே பார்ப்பவருக்கு வாய்க்கும். அதனைப் பேச்சால் கலைத்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு வெகுநேரம் காத்திருத்தல் வேண்டும். ஓசையை அவர் வெறுத்தமைக்குக் காரணம் இருந்தது. முகாமில் குறட்டை விடுவோரையும் அவர் பொறுத்ததில்லை என்பர். இது சற்று மிகையான கண்டிப்புத்தான்.

தட்டேக்காடு அவர் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. தீபகற்ப இந்தியாவில் பறவை வளம் மிக்க இடம் அதுவே என்று அவர் மதிப்பிட்டார். ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அக்காடு 1983-இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பகலெல்லாம் உலர்ந்த இலைக்கொத்துப் போல் கிளையில் அசையாது அமர்ந்திருக்கும் தவளைவாயன் என்னும் இரவுப் பறவையைக் காண இன்று பல நாட்டினர் அங்கு வருகின்றனர். வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டிய பின்னும், எதிரேயிருக்கும் அப்பறவையைக் கண்டுகொள்ளச் சிலருக்கு நேரமாகும்.

1939-ஆம் ஆண்டில் சிறு அறுவை மருத்துவம் ஒன்றன்பின் தெஹ்மினா காலமானார். காட்டுவழித் துணையை இழந்த சாலிம் அலி தம் தமக்கையின் இல்லத்தில் தங்கி, தளர்ந்த நிலையிலும் பணியைத் தொடர்ந்தார். 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. வண்ணப்படங்களுடன், கண்ட பறவையைப் பொதுமக்களே இனங்கண்டுகொள்ளத்தக்க வகையில் அமைந்த நூல் அது. சிறையிலிருந்த நேரு அதனைத் தம் மகள் இந்திராவுக்கு அன்பளிப்பாக்கினார். விடுதலைக்குப்பின் இயற்கை வரலாற்றுச் சங்கம் பொருளின்றித் தத்தளித்தபோது, நேருவுக்கு எழுதி உதவி பெற்று அதனைக் காத்தவரும் சாலிம் அலியே. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து அவர் எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகளின் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பட்டமில்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்கு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1958-இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1976-இல் பத்மவிபூஷண் விருதும் வந்தது. கெட்டி பரிசாகக் கிடைத்த பெருந்தொகையின் பெரும்பகுதியை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்துவிட்டார். இவற்றிடையே ஒரு செய்தி: 1950-இல் சுவீடன் நாட்டின் உப்சாலாவில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தம் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு சென்று, ஐம்பத்து மூன்று வயதில் ஐரோப்பியச் சாலைகளில் ஓட்டி மகிழ்ந்தார்.

கோடிக்கரையின் சிறப்பை உணர்ந்து அதன் பாதுகாப்பை 1962-இலேயே வலியுறுத்தியவர் அவர். 1967-இல் அது சரணாலயமாயிற்று. கூழைக்கடாவும் பூநாரையும் உள்ளானும் வந்திறங்கும் அச்சதுப்புநிலத்தில், பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் வலசையை அறியும் பணியை அவருடைய சங்கம் பல்லாண்டுகள் நடத்தியது. நாரைகள் தென்திசை சென்று வடதிசை மீளும் என்பதைச் சத்திமுத்தப் புலவர் அறிந்திருந்தார். எங்கிருந்து எங்கு என்பதை வளையங்கள் காட்டின. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் வரவிருந்தபோது, முதுமையிலும் அங்குச் சென்று கண்டு, அதனைக் கைவிடுமாறு வேண்டினார். திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.

அவர் கருத்துகள் அனைத்தும் ஒரு தன்மையனவாக நிலைபெற்றன என்று கூறுதல் பொருந்தாது. இராசத்தானத்துப் பரத்பூர் ஏரிக்காட்டை மன்னர்களின் வேட்டைக்களம் என்ற நிலையிலிருந்து மீட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயின், எருமைகளின் மேய்ச்சலை நிறுத்துதல் நலம் என்னும் கருத்தை அவரும் அவர் சங்கத்தாரும் கொண்டிருந்தனர். 1982-இல் தடை வந்தது. சுற்றுப்புற ஊரார் எதிர்த்தனர். காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர் சங்கமே அங்கு நடத்திய நெடுநாள் ஆய்வோ, எருமைகள் இல்லாமையால் புல்லும் களையும் பெருகி நீர்ப்பரப்பை அடைத்தன என்று கண்டது. அவ்வாய்வு முடிவதற்குள் அவர் மறைந்துவிட்டார். ஒரகடத்திலிருந்து தெற்கே, நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே உள்ள வேடந்தாங்கலின் கதை இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. அங்குப் பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர்கள், சுடுவோரைத் தடுக்குமாறு முறையிட்டு, 1798-ஆம் ஆண்டளவில் ஆட்சியர் லயனல் பிளேசிடமிருந்து பாதுகாப்பு ஆணை பெற்றனர். காப்பாளர் ஊராராக இருந்தமையால் அங்கு வேலியின் தேவை நெடுங்காலம் எழவில்லை.

துப்பாக்கியைப் பற்றியும் கூறவேண்டும். ஆய்வுக்காக அவர் சுட்டுச் சேர்த்த பறவைகள் ஆயிரக்கணக்கில் உள. அக்காலத்தில் இனங்களை ஐயமற வகைப்படுத்த அதனினும் சிறந்த வழி இல்லை என்பது அவர் நிலைப்பாடு. தொலைநோக்கியும் நிழற்படக் கருவியும் எளிதிற்கிடைக்கும் இந்நாளில் அத்தேவை மிகவும் குறைந்துவிட்டது.

1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற சாலிம் அலி, 1987-ஆம் ஆண்டில் தொண்ணூறாம் வயதில் பம்பாயில் காலமானார். 1990-இல் கோயம்புத்தூரில் அவர் பெயரால் பறவையியல், இயற்கை வரலாற்று மையம் நிறுவப்பெற்றது. மேகமலைக் காட்டில் 1948-இல் பிடிக்கப்பட்டு நெடுநாள் இனம் தெரியாதிருந்த பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கு, 1972-இல் தாய்லாந்து அறிஞர் ஒருவர் அவருடைய பெயரையே சூட்டினார்.

2009-ஆம் ஆண்டில், எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், கேரளத்துப் பறவை ஆய்வாளர் குழு ஒன்று அவருடைய திருவிதாங்கூர், கொச்சிப் பயணத்தின் அடிச்சுவட்டில் மீண்டும் நடந்தது. காடாயிருந்த இடங்களிற் சில தோட்டங்களாகவும் ஊர்களாகவும் மாறியிருந்தன. எவ்விடத்தில் எப்பறவை அன்று இருந்தது, இன்று எது இல்லை என்று ஒப்பிட அவர்களால் இயன்றது. 1933-இல் ஒவ்வொரு மாலையும் கூடாரத்தில் அமர்ந்து, இடமும் நாளும் பிழையாமல் அவர் எழுதிவைத்திருந்தார்.