பார்வையில்லாத பேராசிரியரும் சவர்க்காரப் படலமும்

ஜோசப் பிளாட்டோ. கிரேக்கத் தத்துவஞானி இல்லீங்க, இவர் வேற ஆள். 1801-இல் புருசெல்ஸ் நகரில் பிறந்தவர். அப்பா ஓவியர், மகனும் தூரிகை பிடிக்கணும்னு ஆசைப்பட்டார். சிறு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த பையன், உறவினர் ஆதரவில் படித்து இயற்பியல் பக்கம் வந்துவிட்டார்.

கண் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் அவருடைய முதல் ஆராய்ச்சி. சுழலும் வட்டில் வரைந்த படங்கள் அசைவது போலத் தெரியும் கருவியை 1832-இல் செய்தார். சினிமாவுக்கு அதுவும் ஒரு முன்னோடி. அதே மனிதருக்கு 1843 வாக்கில் பார்வை முழுதாகப் போய்விட்டது. 1829-இல் ஆராய்ச்சிக்காகச் சூரியனை நேராகப் பார்த்ததுதான் காரணம்னு பல இடத்தில் எழுதியிருப்பாங்க. இடையில் பதினான்கு வருஷம் இருக்கே! கண்ணுக்குள் வந்த அழற்சியாக இருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர்களின் கருத்து. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுது.

அப்போது அவர் கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். நாற்பது வயது தாண்டியிருந்தது. வேலையை நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனால் அவர் பெயர் நிலைத்தது அதற்குப் பிறகு செய்த ஆராய்ச்சியால்தான்.

என்ன செய்யணும்னு மனசுக்குள்ளேயே திட்டமிடுவார். மகன், மருமகன், உடன் பணியாற்றியவர்கள் செய்து பார்த்துச் சொல்வார்கள். இரும்புக் கம்பியில் கனசதுரக் கூடு செய்து, கிளிசரின் கலந்த சவர்க்கார நீரில் முக்கி எடுத்தால், நடுவில் சின்னச் சதுரப் படலம் ஒன்று நிற்கும். கம்பிகளிலிருந்து வரும் மற்ற படலங்கள் அதன் விளிம்புகளில் வந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டிலேயே செய்து பாருங்க, அழகா இருக்கும். அவர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அடுத்தவர் சொன்னதை வைத்தே அவர் விதியைக் கண்டுபிடித்தார். ஒரு கோட்டில் எப்போதும் மூன்று படலங்கள்தான் சந்திக்கும். இடைக்கோணம் 120 பாகை. அந்தக் கோடுகள் நான்கு நான்காக ஒரு புள்ளியில் சேரும். கோணம் சுமார் 109.5 பாகை. நான்கு படலங்கள் ஒரே கோட்டில் சேர்ந்தால்? நிற்காது, உடனே நழுவி இரண்டு கோடாகப் பிரிஞ்சிடும். பரப்பு இழுவிசை படலத்தின் பரப்பளவைச் சுருக்கப் பார்ப்பதே இதற்குக் காரணம்.

இதையெல்லாம் தொகுத்த அவருடைய பெரிய நூல் 1873-இல் வந்தது. பார்வை போய் முப்பது வருஷம். 1883-இல் கெண்ட் நகரில் காலமானார். அவர் சொன்ன விதிகளை ஜீன் டெய்லர் என்ற அமெரிக்கக் கணிதப் பெண்மணி 1976-இல்தான் கணிதமுறைப்படி நிரூபித்தார்.