பிராங்கிளின் குடிவழி

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு பாஸ்டன் நகரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஜோசையா, இங்கிலாந்தில் சாயத்தொழில் செய்தவர். தாம் விரும்பிய முறையில் வழிபாடு நிகழ்த்தச் சட்டம் தடையாயிருந்தமையால், 1683இல் மனைவி மக்களுடன் கடல் கடந்து பாஸ்டனிற் குடியேறினார். அங்குச் சாயத்தொழிலுக்கு ஆதரவில்லை. எனவே மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து பிழைத்தார்.

1758இல் இங்கிலாந்திலிருந்த பிராங்கிளின், தம் மகன் வில்லியமுடன், முன்னோர் வாழ்ந்த எக்டன் என்னும் சிற்றூருக்குச் சென்றார். தேவாலயப் பதிவேட்டில் 1555 முதலாகப் பிறப்பும் மணமும் இறப்பும் வரையப்பெற்றிருந்தன. முப்பது ஏக்கர் நிலமும் கொல்லுலையுமே அக்குடியின் செல்வம். ஐந்து தலைமுறையாக இளைய மகனுக்கு இளைய மகனாய் வந்த வழியில் தாம் தோன்றியதை அவர் அப்பதிவேட்டால் அறிந்தார். கல்லறைகளையோ பாசி மூடியிருந்தது. பீட்டர் என்னும் அடிமை அதனைத் தேய்த்துக் கழுவ, வில்லியம் எழுத்துகளைப் படியெடுத்தார். அந்தப் பீட்டரின் முன்னோர் பெயரை எழுதிவைத்தவர் யாவர்?

1771இல் தம் வரலாற்றை எழுதத் தொடங்கிய பிராங்கிளின், இக்குடிச் செய்திகளை முதற்கண் வைத்து, மகனுக்கு வரையும் கடிதமாகவே அதனை அமைத்தார். 1776இல் அமெரிக்கா விடுதலையை அறிவித்தபொழுது, தந்தையார் அவ்வறிக்கையிற் கையொப்பமிட்டார். நியூ ஜெர்சி ஆளுநராயிருந்த மகனோ மன்னர் பக்கம் நின்று சிறைப்பட்டார். அப்பிளவு பின்னர் ஆறவேயில்லை.