கோழியைக் குருவாகக் கொண்ட ஓவியர்!

நாமக்கல் பக்கம் கோழி என்றால் முட்டை நினைவுக்கு வரும். முட்டை என்றால் வருமானம் நினைவுக்கு வரும். கோழியின் அழகை நின்று பார்க்க யாருக்கு நேரம்?

ஜப்பானில் ஒருவர் நின்று பார்த்தார். ஆண்டுக்கணக்கில் பார்த்தார். அவர் வரைந்த கோழிப் படங்கள் இன்று அந்த நாட்டின் தேசியச் செல்வம்! அவர் பெயர் இட்டோ ஜாக்குசூ.

காய்கறி வியாபாரி

ஜாக்குசூ 1716-ம் ஆண்டு கியோட்டோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தை நிஷிகி சந்தையில் காய்கறி மொத்த வியாபாரி. ஜாக்குசூவின் 22-வது வயதில் தந்தை இறந்தார். மூத்த மகன் என்பதால் கடைப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

ஆனால் மனம் முழுவதும் சித்திரத்தில்தான் இருந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 40 வயதை நெருங்கியபோது, கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுத் தூரிகையைக் கையில் எடுத்தார்.

கொல்லையில் பாடம்

முதலில் பழைய சீன ஓவியங்களைப் பார்த்து எழுதிப் பழகினார். பிறகு, உயிருள்ளதை நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று உணர்ந்தார். ஜப்பானில் மயிலும் கிளியும் எளிதில் காணக் கிடைக்காதவை. கோழியோ எங்கும் உண்டு! பல டஜன் கோழிகளை வாங்கிக் கொல்லையில் விட்டார். அவை மேய்வதையும், சண்டையிடுவதையும், சிறகு கோதுவதையும் கவனித்துக்கொண்டே இருந்தார்.

சந்தையில் சமையலுக்காகச் சிட்டுக்குருவிகளை உயிருடன் விற்பார்கள். அதைக் காண அவருக்குப் பொறுக்காது. அவற்றை விலைக்கு வாங்கிப் பறக்கவிட்டார்.

ஏறக்குறைய 10 ஆண்டுகள் உழைத்து, பறவை, மீன், பூச்சி, பூக்களைப் பட்டுத் துணியில் 30 படங்களாக எழுதினார். எதையும் விற்கவில்லை. ஷோகோகுஜி என்னும் புத்தர் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்.

பட்டில் எழுதிய படம் ஒன்றுதான். அச்சிட்டால் பலர் கைக்குப் போகும். கல்வெட்டைத் தாளில் படி எடுப்பது போன்ற ஒரு முறையை ஜாக்குசூ அச்சுக்குப் பயன்படுத்தினார். 1771-ல் கறுப்புப் பின்னணியில் பறவைகள் பளிச்சிடும் 6 வண்ணப் படங்களை வெளியிட்டார்.

சந்தைக்கு ஆபத்து

அந்தச் சமயத்தில் நிஷிகி சந்தையை மூடும்படி உத்தரவு வந்தது. போட்டிச் சந்தைக்காரர்களின் வேலை அது! வியாபாரத்தைத் துறந்த ஜாக்குசூ, நமக்கென்ன என்று ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. தூரிகையை வைத்துவிட்டு அதிகாரிகளின் வாசலுக்கு நடந்தார். சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் விவசாயிகளையும் மனுக் கொடுக்கச் செய்தார். 1774-ல் சந்தை பிழைத்தது. இன்றும் அது நடக்கிறது.

1788-ல் கியோட்டோவைப் பெருந்தீ அழித்தது. 72 வயதில் ஜாக்குசூ வீட்டை இழந்தார். அதன்பின் ஒரு படத்துக்கு ஓர் அளவு அரிசி வாங்கிக்கொண்டு வரைந்து பிழைத்தார். இன்றைய கணக்கில் அது சுமார் 15 கிலோ. 1800-ல், 84 வயதில் காலமானார்.

காணிக்கை காத்தது

பின்னாளில் கோயிலுக்குக் கஷ்டகாலம் வந்தது. 1889-ல் அந்த 30 படங்களும் அரச குடும்பத்துக்குப் போயின. கோயிலுக்கு 10 ஆயிரம் யென் கிடைத்தது. அந்தப் பணத்தால் கோயில் தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

2016-ல் டோக்கியோவில் அவருடைய படங்களைப் பார்க்க மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2021-ல் அந்த 30 படங்களும் தேசியச் செல்வம் ஆயின. அவற்றின் அச்சுப் பிரதிகள் இன்று பல நாடுகளில் வீட்டுச் சுவர்களை அலங்கரிக்கின்றன. சிவந்த கொண்டையுடன் நிமிர்ந்து நிற்கும் அந்தச் சேவலைப் பார்த்தால், நம் வீட்டுக் கொல்லைச் சேவல் என்றே தோன்றும்!