செடியிடமே சான்று கேட்டவர்

செங்கல்பட்டு ஏரிக்கரையிலும் மாமல்லபுரச் சாலையோரத்திலும் தொட்டாற்சுருங்கியைத் தொட்டு விளையாடாத சிறுவர் அரியர். விரல் பட்டதும் அதன் சிற்றிலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூம்புகின்றன. தொட்ட செய்தியை அடுத்த இலைக்குக் கொண்டு செல்வது எது? இவ்வினாவிற்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஜகதீஷ் சந்திரபோஸ்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் பயின்று திரும்பி, 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் பணியேற்றார். ஆங்கிலேயரைவிட இந்தியருக்குக் குறைந்த ஊதியம் என்ற நிலையை எதிர்த்து, மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலேயே கற்பித்தார். முடிவில் அரசு முழு ஊதியத்தையும் வழங்கியது.

ஆய்வுக்கூட வசதி குறைந்த அக்கல்லூரியில் தம் கருவிகளைத் தாமே வடிவமைத்தார். 1895இல் கம்பியின்றி மின்காந்த அலைகளைச் செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அலைகளை உணரும் கருவிகள் தொடர்ந்து இயங்கினால் சோர்வுறுவதைக் கண்டதும், அவர் கவனம் உயிர்களை நோக்கித் திரும்பியது.

விலங்கின் தசையைப் போலவே சாதாரணச் செடிகளும் தூண்டலுக்கு மின்விளைவு காட்டுகின்றன என்று 1901இல் இலண்டனில் விளக்கினார். உடலியல் வல்லுநர்கள் நம்ப மறுத்தனர். இராயல் கழகம் அவருடைய கட்டுரையை அச்சிடவில்லை.

மறுப்புக்கு விடைகூறும் பொறுப்பைச் செடியிடமே ஒப்படைக்க எண்ணினார் போஸ். செடியின் அசைவு மிக மெல்லியது. எழுதும் ஊசி கண்ணாடியில் உராய்ந்தால் அவ்வசைவு தடைப்படும். ஆகவே, புகைக்கரி படிந்த கண்ணாடித் தகட்டை ஊசி விட்டுவிட்டுத் தொடுமாறு அதிரச் செய்தார். உராய்வு குறைந்தது, தகட்டில் விழுந்த புள்ளிகள் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அளந்தன. அவருடைய கிரெஸ்கோகிராப் கருவி செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டியது. நுனி தவிர ஏனைய பகுதி கண்ணாடியால் மூடப்பட்ட பிளாட்டினக் கம்பியைத் தண்டினுள் சிறிது சிறிதாகச் செலுத்தி, அடுக்கடுக்காக உயிரணுக்களின் மின்மாற்றத்தைக் கால்வனாமீட்டரால் அளந்தார்.

1917இல் தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1920இல் இலண்டன் அறிஞர்கள் அவர் கருவியை நேரில் சோதித்து ஏற்றனர். முன்னர் அவர் கட்டுரையை ஒதுக்கிய இராயல் கழகமே அவ்வாண்டு அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23இல் போஸ் மறைந்தார்.

அவருடைய முடிவுகள் அனைத்தும் நிலைபெறவில்லை. உயிரணுக்களின் துடிப்பே நீரை மேலேற்றுகிறது என்னும் கருத்தைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. செடிக்குள் மின்குறிப்புகள் பயணம் செய்கின்றன என்பதோ உறுதிப்பட்டது.

இன்று, மின்னழுத்தம் மாறும்போது ஒளிர்வும் மாறும் சாயங்களை உயிரணுச் சவ்வில் படியச் செய்கின்றனர். ஒளிர் நுண்ணோக்கி அவற்றின்மீது ஒருநிற ஒளியைப் பாய்ச்சி, அவை உமிழும் வேறுநிற ஒளியை மட்டும் வடிகட்டிப் படம்பிடிக்கிறது. ஊசி நுழையாமலேயே துடிப்பு புலனாகிறது. ஆயினும், விரைவில் மறையும் அம்மாற்றத்தை மங்கிய ஒளியிலேயே பிடிக்க வேண்டும். பாய்ச்சும் ஒளியைக் கூட்டினால் உயிரணு வாடும். உயிருக்கு ஊறின்றி அதன் மெல்லிய குறிப்பைக் கைக்கொள்வது எங்ஙனம் என்னும் இதே சிக்கலைத்தான், கரி படிந்த கண்ணாடித் தகட்டின்முன் நின்று போஸ் எதிர்கொண்டார்.