விடுதியில் படித்து வீடு திரும்பிய பெரியார்
தமிழ்த் தாதா சி. வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கை

சப்பிரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர் தோட்டங்களிலே பிள்ளையை விடுதியில் சேர்ப்பது என்பது ஒரு குடும்பத்தின் பெரிய தீர்மானமாகும். இறக்குவானை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று எந்தப் பக்கம் பார்த்தாலும், உயர்தரம் வரை வகுப்புகள் இல்லாத தோட்டப் பாடசாலைகள் பல உள்ளன. மேலே படிக்க வேண்டுமானால் பிள்ளை லயத்தை விட்டு வெளியூர் போக வேண்டும். பெட்டி கட்டும்போது பெற்றோர் மனதில் ஒரு கேள்வி எழுகிறது. போகிற பிள்ளை நம் பிள்ளையாகவே திரும்பி வருமா? பேச்சும் பழக்கமும் மாறி, கோயிலையும் குலதெய்வத்தையும் மறந்து, பெற்றவர்களைக் கண்டு கூச்சப்படும் நிலை வந்து விடுமா?

இந்தக் கேள்வி இன்று பிறந்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்துச் சைவப் பெற்றோர் இதே கேள்வியைக் கேட்டார்கள். அதற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்ன பெரியார் ஒருவர் இருந்தார். அவரே தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள்.

பிறப்பும் இளமையும்

யாழ்ப்பாணத்திலே புத்தூருக்கு அருகேயுள்ள சிறுப்பிட்டி என்னும் கிராமத்தில் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தையார் வைரவநாதபிள்ளை, தாயார் பெருந்தேவி. ஊரும் தந்தை பெயருமே அவருடைய பெயருக்கு முன்னால் சி. வை. என்று நிற்கின்றன. தந்தையார் அமெரிக்க மிஷனோடு தொடர்புடைய ஆசிரியர். ஆகவே குடும்பத்தில் கிறிஸ்தவச் சூழல் இருந்தது. ஆனால் பிள்ளைக்குத் தமிழ் இலக்கண இலக்கியம் கற்பித்தவர் அக்காலத்தில் பெயர் பெற்ற சைவப் புலவரான சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயர். ஆங்கிலம் வாய்க்கு வரும் முன்பே நிகண்டும் இலக்கணமும் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் பதிந்தன. பின்னாளில் நடந்த யாவற்றுக்கும் இதுவே வித்தாயிற்று.

வட்டுக்கோட்டை விடுதி

தெல்லிப்பழை மிஷன் பாடசாலையில் படித்த பின், 1844ஆம் ஆண்டிலே தமது பன்னிரண்டாவது வயதில் வட்டுக்கோட்டை செமினரியில் சேர்ந்தார். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய இந்த உயர்கல்விக் கூடத்தின் முதல் தலைவர் டானியல் பூவர் பாதிரியார். மாணவர்கள் அங்கேயே தங்கி, உண்டு, உறங்கிப் படித்தார்கள். உணவும் உடையும் மிஷன் கொடுத்தது. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய உபகாரிகளின் பெயர்கள் பல மாணவர்களுக்குச் சூட்டப்பட்டன. முத்துக்குமாரசுவாமி மகன் சிதம்பரப்பிள்ளை அங்கே நெவின்ஸ் ஆனார். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார்.

தொடக்க காலத்தில் சைவப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப அஞ்சினார்கள். கிறிஸ்தவர் கூரையின் கீழ் உண்ணலாகாது என்று அவர்கள் நின்றதால், மாணவர்களின் சமையற்கூடம் பக்கத்திலிருந்த இந்துக்களின் காணியில் அமைக்கப்பட்டது. ஆனாலும் கல்வியின் மேலிருந்த ஆசை பயத்தை வென்றது. ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானசாஸ்திரம், தர்க்கம், வேதாகமம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. உயர்ந்த தரத்தில் அக்கல்வி இருந்தது என்பதைச் சைவர்களும் மறுக்கவில்லை.

அந்த விடுதியிலிருந்து வெளியேறியவர்கள் பல திசைகளில் சென்றார்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கிறிஸ்தவராகவே வாழ்ந்து, உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்து, புலவர் வரலாறுகளைத் திரட்டிப் பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் வெளியிட்டார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தர்க்க சாஸ்திரத்தைத் தமிழில் நூலாக்கினார். கறோல் விசுவநாதபிள்ளை கணித நூலும் அகராதியும் செய்து, ஒரு காலம் ஆறுமுக நாவலரோடு சமய வாதம் நடத்திப் பின் சைவத்துக்கே திரும்பினார். மற்றும் பலர் அரசாங்க உத்தியோகம் பெற்றார்கள். படித்த மாணவர்கள் மதப் பிரசாரத்துக்கு வராமல் உத்தியோகம் தேடிப் போகிறார்கள் என்பது மிஷன் மேலிடத்தின் மனக்குறை. 1855இல் செமினரி மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதற் பட்டதாரி

1852இல் செமினரிப் படிப்பை முடித்த தாமோதரம்பிள்ளை, கோப்பாயில் ஆசிரியராகப் பணி தொடங்கினார். 1854இல் நீதிநெறி விளக்கத்தை உரையோடு பதிப்பித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை சென்றிருந்த பேர்சிவல் பாதிரியார் இந்த இளைஞரின் ஆற்றலை அறிந்து, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்த அவரை அழைத்தார். நாவலரைக் கொண்டு வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்ப்பித்தவரும் இதே பேர்சிவல் பாதிரியாரே.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பிக்கப்பட்டது. அதன் முதலாவது பி.ஏ. பரீட்சையில் சித்தி பெற்றவர்கள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் ஈழத்தவர், இருவரும் வட்டுக்கோட்டை விடுதியில் வளர்ந்தவர்கள். கடல் கடந்து போன இரண்டு கிராமத்துப் பிள்ளைகள் அப்பெரிய பல்கலைக்கழகத்தின் பட்டதாரி வரிசையைத் தொடங்கி வைத்தார்கள்.

அதன்பின் உத்தியோகம் அவரைத் தேடி வந்தது. கள்ளிக்கோட்டையில் சில காலம் ஆசிரியராக இருந்தார். சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் உயர் பதவி வகித்தார். 1871இல் சட்டப் பரீட்சையிலும் தேறினார். 1882இல் ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தார். 1895இல் அரசாங்கம் அவருக்கு ராவ் பகதூர் பட்டம் வழங்கியது. விடுதியில் படித்த ஒரு பிள்ளை அடையக்கூடிய உலக மேன்மை யாவற்றையும் அவர் அடைந்தார்.

ஏடு தேடிய தொண்டு

ஆனால் இன்று அவரை நினைப்பது அந்தப் பதவிகளுக்காக அன்று. அக்காலத்தில் பழந்தமிழ் நூல்கள் பனையோலை ஏடுகளாக வீட்டுப் பரண்களிலும் மடங்களிலும் கிடந்தன. கறையான் தின்றது, மழை நனைத்தது, ஆடிப்பெருக்கில் ஆற்றோடும் போயின. கயிற்றை அவிழ்த்தாலும் ஓலை ஒடிகிறது, ஒற்றையைப் புரட்டினாலும் விளிம்பு உதிர்கிறது என்ற துயரத்தை அவர் தம் பதிப்புரையில் எழுதியிருக்கிறார். இன்னும் சில ஆண்டுகள் பொறுத்தால் பெயர்கூட மிஞ்சாது என்று கண்டு, உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஏடு தேடத் தொடங்கினார்.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தது. அதைப் பரிசோதித்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர், பதிப்பித்தவர் தாமோதரம்பிள்ளை. 1879இல் நாவலர் சிவபதம் அடைந்தபின் அந்தச் சுமை இவர் தோளில் விழுந்தது. 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் என்று ஒவ்வொன்றாக அச்சேறின. சங்கத்து எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலில் அச்சு வடிவம் பெற்றது அவர் பதிப்பித்த கலித்தொகையே.

ஒரு நூலைப் பதிப்பிப்பது அந்நாளில் எளிதான காரியமன்று. ஊர் ஊராக எழுதிக் கேட்டு ஏடு வாங்க வேண்டும். ஓர் ஏட்டில் ஒரு சொல், மற்றோர் ஏட்டில் வேறொரு சொல் இருக்கும். புள்ளியும் காலும் இல்லாத எழுத்தில் எது மெய், எது நெடில் என்று தேர வேண்டும். பல பிரதிகளை ஒப்பிட்டுச் சரியான பாடத்தைத் தெளிய வேண்டும். இதற்கெல்லாம் அவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டார். செமினரியில் பயின்ற தர்க்கமும், கணக்கு அலுவலகத்தில் பழகிய கண்டிப்பும், நீதிமன்றத்தில் சாட்சிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் ஏட்டுச் சுவடியின் முன்னே அவருக்குக் கைகொடுத்தன. விடுதி கொடுத்த கல்வி முழுவதையும் கவிராயர் ஊட்டிய தமிழுக்கே அவர் காணிக்கையாக்கினார்.

அவர் பதிப்பித்த நூல்களில் தணிகைப் புராணம் முருகப் பெருமான் புகழ் பாடும் சைவ நூல். வீரசோழியம் ஒரு பௌத்தர் செய்த இலக்கணம். சூளாமணி சமணக் காவியம். தமிழ் என்ற ஒரே தராசில் அவர் எல்லாவற்றையும் நிறுத்தார். பன்சாலை மணியும் கோயில் மணியும் ஒரே காலையில் கேட்கும் சப்பிரகமுவ மண்ணில் வாழ்பவர்களுக்கு இந்த மனவிரிவு புதியதன்று.

சைவத்துக்குத் திரும்புதல்

கிறிஸ்தவச் சூழலில் பிறந்து, கிறிஸ்தவ விடுதியில் எட்டாண்டுகள் வளர்ந்த தாமோதரம்பிள்ளை, தாமே கற்றுத் தெளிந்து சைவ நெறியை மேற்கொண்டார். சைவ மகத்துவம் என்ற நூலை எழுதினார். யாழ்ப்பாணத்து ஏழாலையில் சைவப் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையை நிறுவினார். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் அங்கே ஆசிரியராக விளங்கினார். தம் சமயச் சூழலிலேயே பிள்ளைகள் நல்ல கல்வி பெறவேண்டும் என்று அவர் விரும்பியதில் வியப்பில்லை. அதே சமயம், தமக்குக் கல்வி தந்தவர்களின் மொழியையும் முறையையும் அவர் ஒதுக்கிவிடவில்லை.

அவர் வீட்டிலேயே இறைவன் இன்னொரு திருவிளையாடலையும் நடத்தினான். அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரோடு பாதிரியாரானார். தகப்பன் வந்த வழியே மகன் திரும்பிப் போனது போலத் தோன்றும். ஆனால் அந்த மகன் தமிழை விடவில்லை. தேவார திருவாசகப் பாடல்கள் பலவற்றைப் பிலிப்ஸ் பாதிரியாரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921இல் வெளியிட்டார். நம் நாயன்மார் புகழ் கடல் கடந்தது. வீட்டில் விதைத்த தமிழ், எந்தப் பெயருக்குள் போனாலும் முளைத்தே தீரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1901ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி, தமது அறுபத்தெட்டாவது வயதில் தாமோதரம்பிள்ளை இறைவனடி சேர்ந்தார். அவர் மீட்ட ஏடுகள் இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் தமிழ் மாணவர் கைகளில் நூல்களாக உள்ளன.

பெற்றோருக்கு ஒரு சொல்

இப்பெரியாரின் சரித்திரம் தோட்டத்துப் பெற்றோருக்குச் சொல்வது என்ன? அஞ்சி அஞ்சிப் பிள்ளையைக் கல்வியிலிருந்து தடுக்க வேண்டியதில்லை. சிறுப்பிட்டிப் பெற்றோர் தடுத்திருந்தால் தொல்காப்பியத்துக்கு அந்தக் காவலர் கிடைத்திருக்கமாட்டார். ஆனால் வெறுங்கையோடும் அனுப்பக் கூடாது. அவர் விடுதிக்குப் போகும் முன்னரே கவிராயரிடம் தமிழ் கற்றிருந்தார். அதுபோல, பெட்டியில் உடுப்பும் புத்தகமும் வைக்கும் முன்பே நாலு தேவாரமும், நல்ல தமிழும், கோயில் வாசலில் கும்பிடும் பழக்கமும் பிள்ளையின் நெஞ்சில் இருக்க வேண்டும். அறநெறி வகுப்பும் வெள்ளிக்கிழமைப் பூசையும் திருவிழாக் காலத்துத் தொண்டும் அதற்காகவே உள்ளன.

விடுதியில் படித்து வைத்தியராகவும், ஆசிரியராகவும், எழுதுவினைஞராகவும் உயர்ந்த பிள்ளைகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தாமோதரம்பிள்ளை பதவியில் இருந்தபடியே ஏடு தேடினார். படித்தவர்கள் எங்கே இருந்தாலும், பிறந்த தோட்டத்தின் பாடசாலைக்கும் கோயிலுக்கும் தம்மாலான ஒன்றைச் செய்யலாம். காடு வெட்டி மலை திருத்திய முன்னோரின் கதைகள், காமன் கூத்து, காவடிச் சிந்து, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் ஏடுபோல முதியவர்களின் நினைவில் கிடக்கின்றன. அவற்றை எழுதி வைப்பதும் ஏடு காத்த தொண்டே.

எல்லாம் வல்ல அன்னை முத்துமாரியின் திருவருளால், பெட்டி கட்டிப் புறப்படும் பிள்ளைகள் யாவரும் கல்வியிலே சிறந்து, பெற்ற வீட்டையும் தமிழையும் மறவாதவர்களாகத் திரும்பி வருவார்களாக. சுபம்.