கேரி கில்டால்

கேரி ஆர்லன் கில்டால் (மே 19, 1942 – ஜூலை 11, 1994) அமெரிக்கக் கணினி அறிவியலாளரும் தொழில்முனைவோரும் ஆவார். நுண்செயலிகளுக்கான சிபி/எம் என்னும் இயங்குதளத்தை உருவாக்கியவர் இவர். தம் மனைவி டோரத்தியுடன் இணைந்து டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இயங்குதளத்தில் வன்பொருளோடு நேரடியாக உறவாடும் பகுதியைத் தனியாகப் பிரித்து, அதற்கு பயாஸ் (அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை) எனப் பெயரிட்டவரும் இவரே.

இளமையும் கல்வியும்

கில்டால் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் நகரில் பிறந்தார். இவரது குடும்பத்தினர் அந்நகரில் கடற்பயணக் கல்விக்கான பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். கணித ஆசிரியராகும் எண்ணத்துடன் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இவரது ஆர்வம் அங்கே கணினியியலின்பால் திரும்பியது. கட்டாயப் படைச்சேவைக் கடமையை நிறைவேற்றும் பொருட்டு, கலிபோர்னியாவின் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1972 இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நிரல்மொழிமாற்றிகள் நிரல்களைச் செம்மைப்படுத்துவதற்கு உதவும் தரவுப்பாய்வுப் பகுப்பாய்வு குறித்து இவர் 1973 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அத்துறையின் அடிப்படை ஆக்கங்களுள் ஒன்றாகும். அதில் கூறப்பட்ட முறை இவரது பெயராலேயே வழங்குகிறது.

நுண்செயலியும் பிஎல்/எம் மொழியும்

1971 இல் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. இச்சில்லால் ஈர்க்கப்பட்ட கில்டால் அதற்கு நிரல்கள் எழுதத் தொடங்கினார். பின்னர் இன்டெல் நிறுவனத்தின் ஆலோசகராகவும் பணியாற்றினார். அந்நாட்களில் நுண்செயலிகளுக்கான நிரல்கள் பொறிமொழிக்கு மிக நெருக்கமான நிலையில் எழுதப்பட்டன. இந்நிலையை மாற்ற, பிஎல்/எம் என்னும் உயர்நிலை நிரல்மொழியை 1973 இல் இவர் உருவாக்கினார்.

சிபி/எம்

நெகிழ்வட்டு இயக்கி ஒன்றைக் கில்டால் பெற்றிருந்தார். ஆனால் அதை நுண்கணினியுடன் இணைக்கத் தேவையான மின்சுற்று அவரிடம் இல்லை. அவருடைய நண்பர் ஜான் டொரோடி அச்சுற்றை அமைத்துக் கொடுத்தார். வட்டில் கோப்புகளை எழுதவும் படிக்கவும் கில்டால் 1974 இல் எழுதிய மென்பொருளே சிபி/எம் ஆகும். இன்டெல் நிறுவனம் பிஎல்/எம் மொழியை ஏற்றுக்கொண்ட போதிலும் சிபி/எம்மில் ஆர்வம் காட்டவில்லை. எனவே கில்டாலும் டோரத்தியும் அதைத் தாமே விற்கத் தொடங்கினர். இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச் என்ற பெயருடன் தொடங்கிய அவர்களது நிறுவனம் பின்னர் டிஜிட்டல் ரிசர்ச் எனச் சுருங்கியது. பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில் அது இயங்கியது.

பயாஸ் என்னும் கருத்து

1970களின் நடுப்பகுதியில் நுண்கணினிகளைத் தயாரித்த ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி வன்பொருளை அமைத்தது. விசைப்பலகை, திரை, வட்டு இயக்கி ஆகியவை கணினிக்குக் கணினி வேறுபட்டன. ஆகவே ஒவ்வொரு புதிய கணினிக்கும் சிபி/எம்மைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இம்சாய் நிறுவனத்தின் கணினிகளுக்காகவும் இத்தகைய திருத்தம் தேவைப்பட்டபோது, மாறும் பகுதியையும் மாறாத பகுதியையும் கில்டால் பிரித்துவிட்டார்.

இதன்படி சிபி/எம் மூன்று பகுதிகளைக் கொண்டிருந்தது. பயனர் இடும் கட்டளைகளை ஒரு பகுதி கையாண்டது. கோப்புகளை மற்றொரு பகுதி நிருவகித்தது. இவ்விரண்டும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. மூன்றாவது பகுதியான பயாஸ் மட்டும் கணினிக்கேற்ப மாறியது. சிபி/எம் 2.2 பதிப்பில் பயாஸ் 17 சிறு செயற்பாடுகளை மட்டுமே கொண்டிருந்தது. விசைப்பலகையில் இருந்து ஓர் எழுத்தைப் பெறுதல், திரைக்கு ஓர் எழுத்தை அனுப்புதல், வட்டின் ஒரு பிரிவைப் படித்தல் போன்றவை அவற்றுள் அடங்கும். இவற்றை எழுதி முடித்தால் சிபி/எம்மும் அதற்கென எழுதப்பட்ட நிரல்களும் அக்கணினியில் இயங்கும். பயாஸை எவ்வாறு எழுதுவது என்பதை விளக்கும் கையேட்டையும் மாதிரி நிரலையும் டிஜிட்டல் ரிசர்ச் வழங்கியது. பயனர்கள் பலர் தம் கணினியின் பயாஸைத் தாமே எழுதியும் திருத்தியும் வந்தனர்.

இப்பிரிப்பின் பயனாகச் சிபி/எம் விரைந்து பரவியது. அதன் உச்சநிலையில் ஏறத்தாழ 3,000 வகைக் கணினிகளில் அது இயங்கியது. சொற்செயலி, தரவுத்தளம் போன்ற மென்பொருள்களை எழுதுவோர் ஒரே நிரலைப் பல நிறுவனங்களின் கணினிகளுக்கு விற்க முடிந்தது.

ஐபிஎம் பேச்சுவார்த்தை

1980 இல் தனியாள் கணினி ஒன்றை வடிவமைத்து வந்த ஐபிஎம் நிறுவனம், அதற்கான இயங்குதளத்தைத் தேடி டிஜிட்டல் ரிசர்ச்சை அணுகியது. ஐபிஎம் பிரதிநிதிகள் வந்தபோது கில்டால் பொழுதுபோக்காக வானூர்தி ஓட்டச் சென்றுவிட்டார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அவர் அன்று தொழில்நிமித்தமே மற்றொரு வாடிக்கையாளரிடம் வானூர்தியில் சென்றிருந்தார். நிறுவனத்தின் வணிகப் பேச்சுகளை வழக்கமாக நடத்தியவர் டோரத்தி ஆவார். ஐபிஎம் முன்வைத்த இரகசியக் காப்பு உடன்படிக்கையில் உடனே கையொப்பமிட அவர் தயங்கினார். அன்று பிற்பகலில் நடந்தவை குறித்து இரு தரப்பினரின் கூற்றுகளும் வேறுபடுகின்றன. எவ்வாறாயினும் உடன்பாடு ஏற்படவில்லை.

பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸ் இயங்குதளத்தைப் பெற்று, அதைத் திருத்தி ஐபிஎம்முக்கு வழங்கியது. சிபி/எம் நிரல்களை எளிதில் மாற்றி எழுதும் பொருட்டு, 86-டாஸ் சிபி/எம்மின் இடைமுகத்தைப் பின்பற்றி அமைக்கப்பட்டிருந்தது. கில்டால் இதனை எதிர்த்தார். இதன் விளைவாக, சிபி/எம்-86 என்னும் பதிப்பையும் தன் கணினிக்கு விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதன் விலை 240 டாலராகவும், பிசி டாஸின் விலை 40 டாலராகவும் இருந்தன. வாங்குவோர் பிசி டாஸையே தேர்ந்தனர்.

பிற பணிகள்

1983 முதல் 1990 வரை, கணினி குறித்த தொலைக்காட்சித் தொடரான கம்ப்யூட்டர் குரோனிக்கிள்ஸ் நிகழ்ச்சியை ஸ்டூவர்ட் செஃபேயுடன் இணைந்து கில்டால் வழங்கினார். 1980களின் நடுப்பகுதியில் இவர் நிறுவிய நாலெட்ஜ்செட் நிறுவனம், குரோலியர் கலைக்களஞ்சியத்தைக் குறுவட்டில் வெளியிட உதவியது. குறுவட்டில் வெளிவந்த முதல் கலைக்களஞ்சியம் இதுவாகும். 1988 இல் டிஜிட்டல் ரிசர்ச் டிஆர்-டாஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. 1991 இல் இந்நிறுவனத்தை நோவெல் நிறுவனம் வாங்கியது.

மறைவு

1994 ஜூலையில் மான்டரே நகரின் உணவகம் ஒன்றில் கில்டாலுக்குத் தலையில் காயம் ஏற்பட்டது. மூன்று நாட்களுக்குப் பின், ஜூலை 11 அன்று, தம் 52 ஆம் வயதில் அவர் காலமானார்.

ஐபிஎம் கணினியும் பயாஸும்

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் கணினியில் கில்டாலின் இயங்குதளம் வெற்றிபெறவில்லை எனினும், பயாஸ் என்ற பெயரும் கருத்தும் நிலைபெற்றன. ஆனால் ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்தது. சிபி/எம்மின் பயாஸ் இயங்குதளத்துடன் நெகிழ்வட்டிலேயே இருந்தது. திருத்திய பயாஸ் இயங்காவிடில், பழைய வட்டைச் செருகிக் கணினியை மீண்டும் தொடக்கினால் போதும். ஐபிஎம் கணினியிலோ பயாஸ் தாய்ப்பலகையில் உள்ள 8 கிலோபைட்டு நிலை நினைவகச் சில்லில் பதிக்கப்பட்டது. அதைப் பயனர் மாற்ற இயலாது; புதிய பயாஸ் வேண்டுமெனில் சில்லையே மாற்ற வேண்டும்.

1990களில் மின்முறையில் அழித்து எழுதத்தக்க ஃபிளாஷ் நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகைகளில் பரவின. இதனால் பயாஸை மென்பொருள் வழியாகவே இற்றைப்படுத்த முடிந்தது. அதேவேளை, பெரும்பாலான தாய்ப்பலகைகளில் இருந்த ஒரே படியின் மேல் எழுத வேண்டியிருந்ததால், எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டால் கணினி தொடங்காமற் போகும் இடர் உண்டாயிற்று. 1999 ஏப்ரல் 26 அன்று செயற்பட்ட சிஐஎச் நச்சுநிரல், பயாஸ் சில்லில் பொருளற்ற தரவுகளை எழுதிப் பல கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. கில்டால் எவரும் திருத்தலாம் என வகுத்த பகுதி, பயனர்கள் தொடுவதற்கு அஞ்சும் பகுதியாக மாறியது இவ்வாறே.

பழைய கணினிகளில் பயாஸ் இற்றைப்படுத்தல்

பழைய கணினியின் பயாஸை இற்றைப்படுத்துவதா என்ற வினாவுக்கு இவ்வரலாறு விடை காண உதவும். சிபி/எம்மில் ஒவ்வொரு வட்டுச் செயலும் பயாஸின் வழியே நடந்ததால், சிறந்த பயாஸ் கணினியை விரைவாக்கியது. லினக்சு, விண்டோஸ் போன்ற பிற்கால இயங்குதளங்கள் தொடங்கிய பின்னர் தம் சொந்த இயக்கிகளையே பயன்படுத்துகின்றன. ஆகவே பயாஸை இற்றைப்படுத்துவதால் மட்டும் பழைய கணினி விரைவாகும் என எதிர்பார்க்க இயலாது.

குறிப்பிட்ட குறை ஒன்றைத் தீர்க்கும்போதே இற்றைப்படுத்தல் பயன் தருகிறது. முற்காலப் பயாஸ்கள் 528 மெகாபைட்டுக்கும், பின்னர் 8.4 கிகாபைட்டுக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை முழுமையாக அறியாதிருந்தமை, 2000 ஆம் ஆண்டைச் சில பயாஸ்கள் தவறாகக் கணித்தமை ஆகியவை இத்தகைய குறைகளாகும். புதிய செயலியைப் பொருத்தவும் சில வேளைகளில் இது தேவைப்படும். 2018 சனவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறைபாட்டுக்கான செயலி நுண்நிரல் திருத்தங்களும் பயாஸ் வழியாக வழங்கப்பட்டன. அவற்றை இயங்குதளம் வழியாகவும் ஏற்ற முடிந்தது.

தாய்ப்பலகையின் மாதிரியும் திருத்த எண்ணும் கோப்புடன் சரியாகப் பொருந்துவது இன்றியமையாதது. தடையற்ற மின்வழங்கல், பழைய பயாஸின் படி, மீட்புக்கான வழி ஆகியவை இருப்பின் இடர் குறைகிறது. சில தாய்ப்பலகைகளில் இதற்காகவே இரண்டாவது பயாஸ் சில்லு அமைக்கப்பட்டுள்ளது. இவை எதுவும் இன்றி, குறையேதும் இல்லாமல் இயங்கும் கணினியில் இற்றைப்படுத்துவதால் கிடைக்கும் பயனைவிட இடரே மிகுதி. 2005 முதல் யூஇஎஃப்ஐ என்னும் புதிய தரம் பழைய பயாஸின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தபோதிலும், மக்கள் வழக்கில் அதுவும் பயாஸ் என்றே அழைக்கப்படுகிறது.

நினைவேற்பு

1995 இல் கில்டாலின் மறைவுக்குப் பின், அமெரிக்க மென்பொருள் வெளியீட்டாளர் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது அளித்தது. 2014 ஏப்ரலில் பசிபிக் குரோவில் டிஜிட்டல் ரிசர்ச் இயங்கிய கட்டடத்தின் முன் ஐஇஇஇ அமைப்பு நினைவுப் பலகை நிறுவியது. அதே ஆண்டில் சிபி/எம்மின் தொடக்கப் பதிப்புகளின் மூலநிரலைக் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. 1993 இல் கில்டால் எழுதி அச்சேறாதிருந்த தன்வரலாற்றின் முதற்பகுதியும், குடும்பத்தினரின் ஒப்புதலுடன் 2016 இல் அவ்வருங்காட்சியகத்தின் வழியாக வெளிவந்தது.