தோட்டக்காரர் மகன் ஹான்ஸ் மோலிஷ்

லாலாங் மண்டுன இடத்துல வேற பயிர் தேறாதுன்னு நம் ஜொகூர் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்புல்லின் வேரும் தழையும் விடும் வேதிப்பொருள்கள் பக்கத்து விதைகளின் முளைப்பைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வியல்புக்கு ‘அல்லெலோபதி’ என்று பெயர் வைத்தவர் ஹான்ஸ் மோலிஷ்.

1856இல் புருன் நகரில் தோட்டக்காரர் மகனாகப் பிறந்து, வியன்னாவில் பேராசிரியராக உயர்ந்தவர். 1928இல் கல்கத்தா போஸ் ஆய்வுக்கழகத்துக்கும் வந்து ஆராய்ந்தார். ஆப்பிள் பழங்களோடு கண்ணாடியால் மூடிய பட்டாணி நாற்றுகள் நீளாமல் குட்டையாகவே நின்றன. பழம் விடும் எத்திலீன் வாயுதான் காரணம்! இதையெல்லாம் 1937இல், 80 வயதில், நூலாக்கினார், அவ்வாண்டே மறைந்தார்.

வயசாச்சேன்னு அவர் ஓயவில்லை. இனி லாலாங் பிடுங்கும்போது நீங்களும் சும்மா பிடுங்கிப் போடாதீர்கள். பக்கத்தில் எது முளைக்கலேன்னு பாருங்கள்!